இ.ஜி.ஆர். வால்வு: கழற்றலாம், கழித்துக்கட்டக் கூடாது

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய டீசல் கார் ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்குபவர், சில மாதங்களுக்குள் ஏதாவது ஒரு பட்டறையில் இந்த வாசகத்தைக் கேட்காமல் இருக்க மாட்டார்: "இ.ஜி.ஆரை அடைச்சு விட்டுடலாம் சார், அப்புறம் பிக்கப்பைப் பாருங்க." இ.ஜி.ஆர். என்பது எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு. அடைப்பது என்றால், எஞ்சினின் புகைக் குழாய்ப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே போகும் பக்கத்துக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு இரும்புத் தகட்டை வைத்து போல்ட்டை முறுக்கிவிடுவது. அரை மணி நேர வேலை, செலவும் குறைவு, அடைத்த முதல் நாளில் வண்டி உண்மையிலேயே சற்றுத் துள்ளலாகப் போவதுபோலத் தோன்றவும் தோன்றும். ஆனால் அந்தத் துள்ளலில் பெரும்பகுதி, கரி ஏறி மூடாமல் சிக்கிக் கிடந்த வால்வு ஒருவழியாக மூடப்பட்டதால் வந்ததே தவிர, வால்வே இல்லாமல் போனதால் வந்தது அல்ல. அதே வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். அதை வீட்டு வாசலில் வைத்தே முதன்முறையாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பாரத் ஸ்டேஜ் எனப்படும் மாசு வரம்பு விதிகளில் பி.எஸ். 3, பி.எஸ். 4 காலத்து டீசல் கார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 கார்களில் புகையிலுள்ள கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியும் அதைச் சார்ந்த சென்சார்களும் கூடுதலாக உள்ளதால், அவற்றை இந்த முறையில் தொட வேண்டாம். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், சுவிஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா எனப் பல பெயர்களில் நம் சாலைகளில் ஓடிய, ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் சளைக்காத எஞ்சின் அது. கரி சேர்ப்பதிலும் சளைக்காதது.

வால்வு செய்யும் வேலை

டீசல் எஞ்சின் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய காற்றை வைத்துக்கொண்டுதான் எரிபொருளை எரிக்கிறது. எரியும் இடத்தில் வெப்பம் மிக உயரும்போது, காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. நுரையீரலை எரிச்சலூட்டுவதும், வெயில் காலத்தில் தரையோரத்து ஓசோன் உருவாகக் காரணமாக இருப்பதும் இந்த வாயுக்களே. ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை மறுபடியும் உள்ளே அனுப்பினால், ஆக்சிஜனின் பங்கு குறைந்து, எரியும் வெப்பநிலையும் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவது வெகுவாகக் குறைகிறது. எவ்வளவு புகையை, எந்த நேரத்தில் உள்ளே விடுவது என்பதை முடிவு செய்வது எஞ்சினின் கணினி. அந்த முடிவை நிறைவேற்றும் கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. நிதானமாக ஒரே வேகத்தில் போகும்போது கதவு திறந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மூடிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே வரும் புகையில் கரித்தூள் இருக்கிறது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து பிரீதர் ஹோஸ் வழியாக ஆயில் ஆவியும் அதே இன்டேக் பாதைக்கு வந்து சேருகிறது. உலர்ந்த கரி மட்டும் என்றால் பெரும்பகுதி பறந்து போய்விடும். ஆயிலோடு சேர்ந்த கரியோ தார்போலக் குழைந்து வால்வின் தண்டிலும் அது வந்து அமரும் விளிம்பிலும் படிந்து, நாளடைவில் இறுகிவிடுகிறது. தினமும் நான்கு கிலோமீட்டர் போய் வந்து, எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் அணைக்கப்படும் கார்களில் இது விரைவாக நடக்கும்.

கழற்றும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்

வால்வு திறந்த நிலையில் சிக்கினால் ஐடிலிங் நடுங்கும், கிளப்பும்போது வண்டி திணறும், ஏற்றத்தில் கரும்புகை கக்கும். மூடிய நிலையில் சிக்கினால் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமலேயே டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியலாம். எஞ்சின் கணினி பதிவு செய்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்த்தால், பி0401 என்ற குறியீடு போதிய புகை திரும்ப வரவில்லை என்பதையும், பி0402 அளவுக்கு மீறி வருகிறது என்பதையும், பி0403 மின்சுற்றுக் கோளாற்றையும் சுட்டும்.

குறியீட்டைப் பார்த்தவுடனே ஸ்பேனரை எடுத்துவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கார்களில் எஞ்சினின் கணினி, திரும்பி வரும் புகையை நேரடியாக அளப்பதில்லை. ஏர் ஃபில்டரை ஒட்டி அமர்ந்திருக்கும் காற்று அளவு சென்சார் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து, வால்வைத் திறந்தவுடன் வெளியிலிருந்து வரும் காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புகை உள்ளே வந்திருக்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. ஆகவே அந்த சென்சாரில் தூசி படிந்திருந்தாலோ, டர்போவுக்கும் இன்டேக்குக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் எங்காவது கீறலுற்றிருந்தாலோ, குற்றமே செய்யாத இ.ஜி.ஆர். வால்வின் மேல் பழி விழும். ஏர் ஃபில்டரை மாற்றி, குழாய்களைக் கையால் தடவி ஆயில் ஈரம் கசியும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் அதைத் துடைக்காமல் அடித்து உலரவிட்டு, குறியீட்டை அழித்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். விளக்கு திரும்பவும் எரிந்தால் மட்டும் அடுத்த பத்திக்கு வரலாம்.

வேண்டியவை

ராட்செட்டும் சாக்கெட்டுகளும், உங்கள் வண்டியின் போல்ட் தலைக்கேற்ப ஆலன் அல்லது டார்க்ஸ் பிட்டுகளும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும், துரு இளக்கும் எண்ணெயும், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே இரண்டு டப்பாவும், பழைய பல் துலக்கியும், மரக் குச்சியும், கைநிறையப் பழந்துணியும் போதும். இணைப்பில் புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக, வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரிபாகக் கடையின் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பது பலருக்கும் நேர்ந்த அனுபவம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியிருக்கிறது. நீங்கள் சுரண்டப் போவது அந்தப் புகை படிந்த கரியைத்தான்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே தொடங்குவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினின் மேல் மூடியை எடுத்த பிறகு, எதையும் தொடுவதற்கு முன் நாலைந்து கோணங்களில் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோஸ் எந்த ஹோஸுக்கு மேலே போகிறது என்பது மாலையில் நினைவிருக்காது.

வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள், புகைக் குழாய்ப் பக்கத்திலிருந்து கிளம்பி இன்டேக் பக்கம் போய்ச் சேரும், விரல் பருமனுக்கும் கூடுதலான உலோகக் குழாயைப் பின்தொடர்ந்து போனால் போதும். அதன் வழியில் வால்வு இருந்தே ஆக வேண்டும். வால்வின் தலையில் பல முனை மின் கனெக்டர் இருந்தால் அது மின்வகை. மேலே தட்டையான உலோகக் கிண்ணமும் அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றும் இருந்தால் அது வேக்யூம் வகை. மேலே சொன்ன 1248 சிசி எஞ்சினில் இருப்பது மின்வகை. அடுத்ததாக, வால்வின் உடலிலோ அதையொட்டிய, புகையைக் குளிர்விக்கும் கூலரிலோ கூலன்ட் ஹோஸ் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால், ஆறிய நிலையில் கூலன்ட்டைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொண்ட பிறகே மேலே தொடர வேண்டும்.

கனெக்டரின் பூட்டை அழுத்தி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பத்தாண்டு வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு, பழைய அப்பளம்போல நொறுங்கக் காத்திருக்கும்.

போல்ட்டுகளுக்கு வருவோம். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புகையின் வெப்பத்தில் ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்த இரும்பு போல்ட், அலுமினியத் துளைக்குள் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட வேண்டும். காலையில் சாக்கெட்டை முழு ஆழத்துக்குச் செருகி, முதலில் கால் சுற்றுகூட இல்லாமல் சற்றே இறுக்கும் பக்கம் ஒரு நெருக்கு நெருக்கி, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். கிறீச்சென்று ஒரு ஒலியோடு இளகினால் நல்லது. இளகாமல் ரப்பர்போல வளைந்து கொடுப்பதாகக் கைக்குப் பட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்; அது போல்ட் முறுகி ஒடியப் போவதன் அறிகுறி. நான் முதன்முறை இதைச் செய்தபோது அந்த உணர்வைப் பொருட்படுத்தாமல் இன்னும் ஒரு அழுத்து அழுத்தினேன். தலை கையோடு வந்துவிட்டது. உடைந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருகி எடுத்துக் கொடுத்த லேத் பட்டறைக்காரர், "ஒரு ராத்திரி எண்ணெயில ஊற விட்டிருந்தா எனக்கு வேலை இருந்திருக்காதே" என்று சிரித்தார்.

எல்லாப் போல்ட்டும் வந்த பிறகு வால்வை நெம்பாமல் இடவலமாக மெல்ல அசைத்து எடுங்கள். எடுத்த அந்த நொடியே, எஞ்சின் பக்கம் திறந்து கிடக்கும் துளையைப் பெரிய துணியால் அடைத்துவிடுங்கள். துணி சிறியதாக இருந்தால் உள்ளே போய்விடும்; நுனி வெளியே தொங்கும்படி வையுங்கள். அந்தத் துளைக்குள் விழும் கரிக்கட்டியோ வாஷரோ நேராக சிலிண்டரை நோக்கிப் போகக்கூடியது.

சுத்தம் செய்தல்

வெளியே வந்த வால்வைப் பார்த்தால் முதன்முறை எவருக்கும் அதிர்ச்சியாகவே இருக்கும். ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைய வேண்டிய வாய், பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். வெளி அடுக்கு பஞ்சுபோன்ற கரியாகவும், அடி அடுக்கு விரல் நகத்தால் கீறினால் பளபளக்கும் தார்க்கட்டியாகவும் இருக்கும். வாயைக் கீழ்நோக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மொத்தையான கரியை மரக் குச்சியால் முதலில் சுரண்டி விழச் செய்யுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். வால்வு அமரும் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு அது முழுமையாக மூடாது. அதன்பின் கிளீனரை அடித்து, பத்து நிமிடம் ஊறவைத்து, பல் துலக்கியால் தேய்த்து, மறுபடியும் அடியுங்கள். கரைசல் நீர் கறுப்பிலிருந்து தேநீர் நிறத்துக்கு மாறும் வரை மூன்று நான்கு முறையாவது செய்ய வேண்டியிருக்கும்.

மின்வகை வால்வின் மோட்டார் தலை எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். வால்வை முழுவதுமாக டப்பாவில் மூழ்கடித்து இரவு முழுதும் ஊறப்போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கரி போகிறதோ இல்லையோ, தண்டின் வழியே மேலேறும் திரவம் மோட்டாரையும் அதன் நிலை உணரியையும் கெடுத்துவிடும். தண்டை அசைத்துப் பார்க்க விரும்பினால் விரலால் மிருதுவாக அழுத்துங்கள். நெம்புகோல் போட்டுத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். வேக்யூம் வகையாக இருந்தால் சோதிப்பது எளிது. பெரிய ஊசிக் குழல் ஒன்றை ரப்பர் குழாய் வழியாக இணைத்துக் காற்றை இழுத்தால் தண்டு எழ வேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும் வரை இறங்காமல் நிற்க வேண்டும். தானே இறங்கினால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, இனி எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

இன்டேக் பக்கத்து வாயிலும் கை எட்டும் தூரத்துக்குக் கரியைச் சுரண்டித் துணியால் ஒற்றி எடுக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினின் இன்டேக்கில் கிளீனர் ஸ்பிரேயை அடித்துச் சுத்தம் செய்யும் குறுக்குவழி ஒன்றைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, இன்டேக்கில் வரும் எரியக்கூடிய எதையும் அது எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் வெறிகொண்டு சுழலத் தொடங்கினால், நிறுத்த வழி தெரியாமல் நிற்க நேரும்.

பிரீதர் ஹோஸையும் இதே நாளில் கழற்றிக் கழுவி உலர்த்திவிடுங்கள். கரியை ஒட்டவைக்கும் பசை அங்கிருந்துதான் வருகிறது. கறுப்புக் கழிவு நீரைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எஞ்சின் ஆயிலோடு சேர்த்துக் கேனில் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

மாட்டுதல்

இரு பக்கத்து முகங்களிலும் பழைய கேஸ்கெட்டின் துணுக்குகள் இல்லாமல் துடைத்து, அடைத்து வைத்த துணியை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, புதிய கேஸ்கெட்டோடு வால்வை வையுங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே திருகி உள்ளே விட்டு, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அலுமினியத்தில் அமரும் சிறு போல்ட்டுகள் கேட்பது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவான விசையே என்பதால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். கூலன்ட்டை நிரப்பி, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை கவனித்து, கனெக்டரைச் சொடுக்கு ஒலி கேட்கும்படி அழுத்தி, கடைசியாகப் பேட்டரியை இணையுங்கள்.

கிளப்புவதற்கு முன் சாவியை ஆன் நிலையில் சில நொடிகள் வைத்து அணைத்துவிடுங்கள். சில கார்களில் வால்வு அப்போது தானே ஒருமுறை முழுதும் திறந்து மூடித் தன் எல்லைகளைக் கற்றுக்கொள்ளும். காதை அருகில் வைத்தால் மெல்லிய முனகல் கேட்கும். வேறு சில கார்களில் இந்தக் கற்றலை ஸ்கேனர் வழியாகவே செய்ய வேண்டும். குறியீட்டை அழித்துவிட்டுக் கிளப்புங்கள். மிச்சமிருந்த கிளீனரும் கரியும் வெளியேறுவதால் முதல் சில நிமிடம் புகை கூடுதலாக வருவது இயல்பு. கேஸ்கெட் ஓரத்தில் உஸ்ஸென்ற ஒலியோ புகை வாடையோ வந்தால் அணைத்து, ஆறவிட்டு, திரும்பவும் பாருங்கள்.

தகடு வைத்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு

தகடு வைத்தால் இன்டேக்கில் கரி சேராது என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பு சொன்ன அந்தக் கணக்கு அப்போது தப்பிவிடுகிறது. வால்வைத் திறந்தும் காற்று குறையாததைப் பார்த்த எஞ்சின் கணினி, பி0401 என்று விளக்கை எரியவிடும். அந்த விளக்கை அணைக்க மென்பொருளையே மாற்றி எழுதுபவர்களிடம் போக வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், அதன்பின் வேறொரு உண்மையான கோளாறு வந்தாலும் எந்த விளக்கை நம்புவது என்று தெரியாது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. மாசு விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

"எஃப்.சி.யில, புகைச் சோதனையில பாஸ் ஆயிடுதே" என்பார்கள். ஆகும்தான். டீசல் காருக்கான புகைச் சோதனை, ஆக்ஸிலரேட்டரை மிதித்து வரும் புகையின் அடர்த்தியை, அதாவது அது ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது, பி.எஸ். 4க்கு முந்தைய கார்களுக்கு மீட்டருக்கு 2.45 என்றும் பி.எஸ். 4 கார்களுக்கு 1.62 என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. வால்வை அடைத்ததால் கூடுவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாயுதான் என்பதால், சான்றிதழில் வரும் எண் இந்த விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை.

சுத்தம் செய்த வால்வு எவ்வளவு நாள் தாங்கும் என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் எஞ்சினை நன்கு சூடாக ஓட்டுபவர்களுக்கு நீண்ட நாள் தொல்லை இருக்காது. சில மாதங்களிலேயே பழையபடி கரி அடைத்தால், இன்ஜெக்டர் சொட்டுகிறதா, டர்போ ஆயில் விடுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. அப்போது இன்டேக் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், விரல் நனைந்து வந்தால் வால்வை மறந்துவிட்டு டர்போவைக் கவனியுங்கள்.